வெள்ளி பார்க்கிற கதிரை

முதலில் என் கழுத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தொல்லை எல்லாம் அங்கேதான் தொடங்கியது. முப்பது வருடம் நுணுக்குக்காட்டிக்கு மேல் குனிந்து மலேரியாக் கிருமி தேடின கழுத்து இது. கிளிவெட்டி, கட்டைபறிச்சான், மூதூர் என்று சுற்றுவட்டாரமெங்குமிருந்து ஆய்வுகூடத்துக்கு வந்து சேரும் இரத்தப் பூச்சுக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, கிருமி இருந்தால் எண்ணி, துண்டில் எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்தக் கழுத்து இப்போதும் குனியச் சொன்னால் குனியும். நிமிர்ந்து மேலே பார் என்றால் மாட்டேன் என்று அடம்பிடிக்கும். மீறிப் பார்த்தால் தலை சுற்றி ஆளையே விழுத்திவிடும்.

இது தெரியாமல், ஓய்வு பெற்ற கையோடு நான் ஒரு பெரிய பைனாகுலர் வாங்கினேன். கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கடற்கரையில் திரிகிற சாமான் அல்ல. முழங்கையளவு நீளம். முகப்பில் தேநீர்க் கோப்பைப் பீரிசு அகலத்துக்கு இரண்டு கண்ணாடி. கையில் ஏந்தினால் ஒரு நிமிடத்தில் தோள் இறங்கிவிடும். வெள்ளி பார்க்கத்தான் வாங்கினேன். எங்கள் பக்கத்தில் நட்சத்திரத்தை வெள்ளி என்றுதான் சொல்வோம். அந்தச் சொல் பிறகு என் தலையிலேயே வந்து விழும் என்று அப்போது தெரியாது.

எல்லா வெள்ளியும் வேண்டாம், ஆறாமீன் போதும் எனக்கு. கார்த்திகை என்று பஞ்சாங்கத்தில் போடுகிற அந்தக் குட்டிக் கூட்டம்தான். வெறும் கண்ணுக்கு ஆறு தெரியும். பெரிய பைனாகுலரில் பார்த்தால் அந்த ஆறுக்கு நடுவிலும் சுற்றிலும் இன்னும் பல முளைக்கும் என்று வாசித்திருந்தேன். எத்தனை என்று நானே எண்ண வேண்டும். ஆயுள் முழுக்க ஒரு வட்டத்துக்குள் புள்ளி எண்ணின ஆளுக்கு வேறு என்ன ஆசை வரும்?

ஆசை இருந்தது, வழி இல்லை. நின்று பார்க்கக் கழுத்து விடவில்லை. வீட்டு மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துப் பார்த்தேன். பாரம் முழுக்க மூக்கில் இறங்கியது, கை நடுங்கியது, வெள்ளியெல்லாம் புழுவாக நெளிந்தது. எழும்பவும் முடியவில்லை. இவரைக் கூப்பிட்டேன். வந்து இரண்டு கையையும் பிடித்து இழுத்து நிமிர்த்திவிட்டுச் சொன்னார்:

"உமக்கு ஒரு கதிரை செய்து தாறன். நீர் பேசாமல் சாய்ஞ்சு இருந்தாக் காணும். கதிரை தானே திரும்பும், தானே சாயும். பைனாகுலர் உம்மட கண்ணுக்கு முன்னால வந்து நிக்கும்."

இவர் என்றால் என் கணவர். சீனன்குடாவில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைவேலையில் கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. முடிப்பதில்தான் சந்தேகம். எதை எடுத்தாலும் முடிகிற தறுவாயில் "ஒரு சின்ன வேலை கிடக்குது" என்பார். அந்தச் சின்ன வேலையால் எங்கள் குசினிக் கிரைண்டர் இரண்டு வருடமாகப் பெட்டிக்குள் கிடக்கிறது.

அவர் கதிரை வேலையைத் தொடங்கியது மழைக்காலத்தில். அதே மழையோடு என் வலது கண் மங்கத் தொடங்கியது. பேப்பர் வாசிக்கும்போது எழுத்தின் நடுவில் அழுக்குப் பட்டது போல இருந்தது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டுக் கிளினிக்குக்குப் போனேன். கண் டொக்டர் ஒளித்துப் பேசவில்லை. பார்வையின் நடுப்பகுதி போகும், ஓரத்தால் தெரியும், போனதை மருந்தால் திருப்ப ஏலாது என்றார். இடது கண்ணுக்கும் வரும், சில மாதமோ சில வருடமோ சொல்ல முடியாது என்றார். கட்டம் போட்ட ஒரு அட்டையைத் தந்து, தினமும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார். கோடுகள் வளைந்து தெரிந்தால் அந்தக் கண்ணிலும் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அட்டையைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன்.

ஆக, இடது கண் இருக்கும்வரைதான் எனக்கு ஆறாமீன். வானமும் தன் பாட்டில் ஒரு நேரம் வைத்திருக்கிறது. தை மாதம் பொழுதுபட்டதும் ஆறாமீன் உச்சியில் நிற்கும். மாசியில் மேற்கே சரியும். பங்குனியில் இறங்கும். சித்திரையோடு அந்திச் சூரியனுக்குள் போய்விடும். அது திரும்பவும் அந்தியில் கிழக்கே ஏறும்போது எங்களுக்கு மாரி, ஒரு வெள்ளியும் தெரியாது. அதனால் இந்த வருடம் தையில் கதிரை முடிந்தாக வேண்டும் என்று இவருக்குச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"தைப்பொங்கலுக்கு நீர் அதிலதான் இருப்பீர்," என்றார்.

பொங்கலுக்கு நான் குசினி வாங்குப் பலகையில்தான் இருந்தேன். கதிரை மேல்தட்டில் துண்டு துண்டாகக் கிடந்தது. உடைந்த வான் ஒன்றின் சாரதி இருக்கையை எடுத்து, லொறியின் மழைத்துடைப்பான் மோட்டார் ஒன்றைத் திருப்புவதற்கும், இன்னொன்றைச் சாய்ப்பதற்கும் பூட்டியிருந்தார். பைனாகுலரைத் தாங்க இரண்டு இரும்புக் கை. எதிர்ப்பாரத்துக்குப் பழைய தராசுப் படிக்கல். கார் பற்றரி ஒன்று. கையில் பிடிக்க நான்கு பொத்தான் உள்ள ஒரு பெட்டி. முதல் முறை ஏறி இருந்து மேலே என்று எழுதின பொத்தானை அமத்தினேன். கால் மேலே போனது, தலை கீழே போனது. கம்பி மாறிப் பூட்டுப்பட்டுவிட்டதாம்.

அதைத் திருத்தினார். திருத்தின கையோடு கால் வைக்க ஒரு பலகை போட்டார். கழுத்துக்கு இரண்டு பக்கமும் பஞ்சு வைத்துத் தைப்பித்தார். கை வைக்கிற இடத்துக்கு ரெக்சின் ஒட்டினார். தேத்தண்ணி வைக்க ஒரு வளையமும் பூட்டினார். வெள்ளி கேட்ட எனக்குத் தலையணைக்கு மேல் தலையணை வந்துகொண்டிருந்தது.

"எனக்கு இப்பிடியெல்லாம் வேண்டாம். ஒரு மரக்கட்டை எண்டாலும் காணும். இண்டைக்கு மேல ஏத்துங்கோ," என்று கத்தினேன்.

"கழுத்து நொந்துதெண்டால் நீர் ரெண்டாந்தரம் ஏறமாட்டீர். எனக்கு உம்மைத் தெரியும். ஒரு சின்ன வேலைதான் கிடக்குது."

அந்தச் சின்ன வேலை, கதிரை சுற்றுகிற அடிவளையம். மோட்டார் வெடுக்கென்று இழுக்க, பைனாகுலரின் கண்வில்லை வந்து என் புருவத்தில் இடித்து வீங்கவைத்திருந்தது. லொறிச் சில்லின் பெயாரிங்கை வைத்து உறுதியான வளையம் செய்தால் இழுக்காது என்று, கதிரையின் சட்டத்தைக் கழற்றிக் கிண்ணியாவில் இருக்கிற வெல்டிங் கடைக்கு அனுப்பினார். தையின் கடைசி நாட்கள் அப்படிப் போயின. அந்திக்கு அந்தி நான் வெறும் கண்ணோடு மேல்தட்டுக்குப் போய், முடிந்த மட்டும் கழுத்தை உயர்த்தி, ஆறாமீன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கலைப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

பொறுமை கெட்டு ஒரு நாள் வெல்டிங்காரருக்கு நானே போன் எடுத்தேன். நடந்த கதையை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் பிழை என்னுடையது.

"தம்பி, எங்கட வெள்ளிக் கதிரை எப்ப வரும்?"

"வெள்ளியா? வெள்ளி ஏலாதக்கா, ஜும்மா. சனி பாப்பம்."

"சனியைப் பிறகு பாக்கலாம் தம்பி. எனக்கு முதல்ல வெள்ளி."

நான் சனிக்கிரகத்தைச் சொன்னேன் என்று அந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்? பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப வெள்ளிதான் வேணுமா? ஐயா கறுப்பெண்டெல்லா சொன்ன?"

"கறுப்பாத்தான் இருக்கும் தம்பி, அது ராவுதானே. எனக்கு வெள்ளிதான் முக்கியம். அதுக்குத்தான் இந்தக் கதிரையே."

"சரி அக்கா. வெள்ளியே செஞ்சு தாறன்."

திங்கட்கிழமை லொறியில் வந்து இறங்கியது, அடி முதல் நுனி வரை வெள்ளிப் பூச்சு அடித்த கதிரைச் சட்டம். கோயில் தேர்க் கவசம் தோற்றுவிடும் பளபளப்பு. வளையம் அருமையாகச் சுற்றியது. வெல்டிங்காரர் வேலைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. இவர் கதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விசயத்தைக் கேட்டுவிட்டு நிலத்தில் குந்தியிருந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதைக் கறுப்பாக்க இன்னும் நாலு நாள் வேண்டும் என்றார். பூச்சு என்ன நிறமாக இருந்தால் என்ன, பூட்டுங்கள் என்று சண்டை பிடித்தேன். பூட்டினார். ஏற்கெனவே மாசி பிறந்து, ஆறாமீன் உச்சி கடந்து மேற்கே சரிந்திருந்தது. எங்கள் வீட்டுக்கு மேற்கே துறைமுகம்.

முதல் அந்தியில் மோட்டார் நடுங்கி வெள்ளியெல்லாம் கோடு கோடாக இழுபட்டது. மோட்டாருக்கு அடியில் ரப்பர் வைத்தார். இரண்டாம் அந்தியில் பற்றரி இறங்கிவிட்டது. மூன்றாம் அந்தியில் எல்லாம் சரியாக வந்தது. கதிரை சாய்ந்தது, கழுத்து பஞ்சுக்குள் இறங்கியது, நோவே இல்லை. பைனாகுலர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அமத்தி அமத்திக் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே திருப்பினேன்.

ஆறாமீன் வந்தது.

முப்பது வருடம் பார்த்த எந்தக் கண்ணாடியிலும் அப்படி ஒரு துப்புரவான வட்டத்தை நான் கண்டதில்லை. வலது கண்ணின் அழுக்கை இடது கண் மூடிக் காட்டியது. பெரியவை நீலமாக, நடுவில் சின்னவை, அதற்குள் இன்னும் சின்னவை. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழுதால் எண்ண முடியாது. ஆய்வுகூட முறைப்படி இடது மேல் மூலையிலிருந்து தொடங்கினேன். பதினொன்று வரை வந்தபோது கீழே படலையைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

கடற்படைச் சீருடை போட்ட இரண்டு பேர். மரியாதையாகத்தான் வந்தார்கள். மூன்று நாளாக இந்த வீட்டு மேல்தட்டில் ஏதோ ஒன்று பளபளவென்று திரும்பித் திரும்பித் துறைமுகப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லக் கேள்விப்பட்டு வந்தார்களாம். இவர் சிங்களத்தில் விளக்கினார். அவர்களில் பெரியவர் கதிரையில் ஏறி இருந்தார். பொத்தானை அமத்தச் சாய்ந்தார், இன்னொன்றை அமத்தத் திரும்பினார். "ஷோக்," என்று மெச்சி இன்னொரு சுற்றும் போனார். இறங்கினதும் முகத்தை மாற்றிக்கொண்டு, எழுத்தில் அனுமதி வரும்வரை மேற்குப் பக்கம் இதைத் திருப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போனதும் நான் திரும்ப ஏறப்போனேன். இவர் தடுத்தார். சீனன்குடாவில் இருந்த காலம் முழுக்க அனுமதிச் சீட்டைக் கழுத்தில் போட்டுத் திரிந்த மனுசன். போகக்கூடாது என்று எழுதின பலகைக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுவிடுவார். அடுத்த நாள் காலையே வளையத்தில் ஒரு இரும்புத் தடையை வைத்து போல்ட் போட்டு இறுக்கினார். கதிரை வடக்கே போகும், கிழக்கே போகும், தெற்கே போகும். மேற்கே போகப் பார்த்தால் டங்கென்று நிற்கும்.

"பதினொண்டு எண்ணிட்டீர்தானே," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் இரண்டு விதி இருந்தது. பாதியில் விட்ட எண்ணிக்கையைத் துண்டில் எழுதக்கூடாது, அது ஒன்று. ஒருவர் எண்ணின கண்ணாடியை இன்னொருவர் திரும்ப எண்ணும்போது முதல் ஆளின் எண்ணிக்கையை அவருக்குச் சொல்லக்கூடாது, அது மற்றது. சொன்னால் கண் அதைத்தான் காணும். இந்த இரண்டையும் நான் ஒரு நாளும் மீறினதில்லை. கிருமி காணாத கண்ணாடிக்குக் கண்டதென்று எழுதினதுமில்லை. பதினொன்று என்பது ஒன்றுமேயில்லை என்று இவரிடம் சொன்னேன். இவருக்கு அது விளங்கவில்லை.

அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினார். அது ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்குப் போனது. போய் விசாரித்தால் மேசையில் இருக்கிறது என்றார்கள். கதிரையைக் கழற்றி வேறெங்காவது கொண்டுபோகலாம் என்றால், இரும்பு வளையம் ஏறினபிறகு அது படியால் இறக்க நாலு ஆள் வேண்டிய பாரம். மாசி முழுக்க ஆறாமீன் எனக்கு முன்னால்தான் சரிந்துகொண்டு போனது, தடைக்கு அந்தப் பக்கம். காத்திருந்த நாட்களை இவர் வீணாக்கவில்லை. சட்டத்தைச் சுரண்டிக் கறுப்படித்தார். மோட்டாரின் சத்தத்தைக் குறைத்தார். வெடுக்கென்று தொடங்காமல் மெல்ல வேகம் பிடிக்க ஏதோ ஒரு சின்னப் பெட்டி பூட்டினார். ஒவ்வொன்றையும் கூப்பிட்டுக் காட்டினார். நான் கீழே இருந்தபடியே நல்லது என்றேன்.

பங்குனி நடுவில் ஒரு காலை, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு குளிர்சாதனப் பெட்டிக் கதவின் அட்டையைப் பார்த்தேன். நடுவில் இரண்டு கோடு வளைந்திருந்தது. அட்டை ஈரத்தில் உப்பியிருக்கும் என்று கையால் தடவினேன். அட்டை தட்டையாகத்தான் இருந்தது. ஒரு கிழமையில் நாலு கோடு வளைந்தது. பிறகு நடுப்புள்ளியே போனது. கிளினிக்கில் சொன்னேன், இவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் தைப்பொங்கலை நினைத்து மனுசன் உடைந்துபோவார். அவர் உடைய வேண்டும் என்று நினைத்த நாட்களும் இருந்தன, பொய் சொல்ல மாட்டேன். கழுத்துப் பஞ்சுக்கும் தேத்தண்ணி வளையத்துக்கும் போன அந்திகளை நான் ஒவ்வொன்றாக நினைத்துக் கறுவிக்கொண்டிருந்தேன்.

வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முன்னம் அனுமதி வந்தது. அன்று கதிரையில் சுற்றிப் பார்த்தவரே கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். இவர் தடையைக் கழற்ற ஓடின ஓட்டத்தைப் பார்த்தால் இருபது வயசு குறைந்த ஆள் போல இருந்தது.

அன்று அந்தி ஏழு மணிக்கு ஏறினேன். மேற்கே வானம் துடைத்து விட்டது போல இருந்தது. துறைமுக வெளிச்சங்களுக்கு மேலே, கொஞ்ச உயரத்தில்தான் ஆறாமீன் நிற்கிறது என்று இவர் கை காட்டினார். கதிரை ஒரு சத்தமும் இல்லாமல் சாய்ந்தது. ஒரு நடுக்கமும் இல்லாமல் திரும்பியது. அதைவிடச் சொகுசான கதிரை இந்த உலகத்தில் இல்லை என்று எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன்.

நேராகப் பார்த்தேன். நடுவில் ஒன்றுமில்லை, ஒரு சாம்பல் பொட்டு. கண்ணைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினேன். ஓரத்தில் வெளிச்சமாக ஒரு கலங்கல் வந்தது. அதுதான் என்று தெரிந்தது. எண்ணலாம் என்று கண்ணை அதன்மேல் கொண்டுபோனேன், மறைந்தது. விலக்கினேன், வந்தது. கொண்டுபோனேன், மறைந்தது.

"தெரியுதே?" என்று பக்கத்தில் நின்று கேட்டார்.

இல்லை என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கண்வில்லையைத் துடைப்பார். இரும்புக் கையைக் கழற்றுவார். ஒரு சின்ன வேலை கிடக்குது என்று விடியும்வரை பைனாகுலரில் பிழை தேடுவார். பிழை பைனாகுலரில் இல்லை என்று பிறகு தெரியவரும்.

"ஓம்," என்றேன். "நீங்கள் ஏறிப் பாருங்கோ. எத்தினை எண்டு எனக்கு எண்ணிச் சொல்லுங்கோ."

இத்தனை மாதமும் அந்தக் கதிரையில் இருந்து இவர் ஒரு வெள்ளியும் பார்த்ததில்லை. மோட்டாரைத்தான் பார்த்தார். ஏறி இருந்து, கண்ணை வைத்து, "அடியாத்தை," என்று வாயைத் திறந்தவர் மூடவில்லை. நான் ஆய்வுகூடத்துக்கு வந்த புதுப் பிள்ளைகளுக்குச் சொன்னது போலச் சொன்னேன்: இடது மேல் மூலையில் தொடங்குங்கோ, வரிசை விடாதேங்கோ, பார்த்த இடத்துக்குத் திரும்பிப் போகாதேங்கோ. ஒண்டு, ரெண்டு என்று சத்தமாக எண்ணினார். இருபதுக்கு மேல் குரல் மெதுவானது. நான் கதிரைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இலக்கத்தையும் கேட்டேன். இடையில் ஒரு தரம் சந்தேகம் வந்ததால் திரும்பவும் முதலிலிருந்து எண்ண வைத்தேன்.

"முப்பத்திநாலு," என்றார். பொத்தானை அமத்தி நிமிர்ந்தார். இருட்டில் என் பக்கம் திரும்பி, "நீர் எத்தினை கண்டனீர்?" என்று கேட்டார்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. தன் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு அப்படிக் கேட்டதற்கு, தைக்கு, மாசிக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்தது.

"முப்பத்திநாலு," என்றேன்.

இவர் இறங்கி, காலடியில் கிடந்த ஸ்பானரை எடுத்து, கட்டியிருந்த சாரத்தில் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"அப்ப சரி," என்றார். "இனி இதில ஒரு வேலையும் இல்லை."